புதன்கிழமை வரை

சனி ராத்திரி ஆவணி மழை.
ஞாயிறு காலை ஆறேகாலுக்கு
ஆம்பூரிலிருந்து மலைப்பக்கம் போகும் ஓசி பஸ்ஸில்
கெஜலட்சுமி எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருந்தாள்.
மடியில் இரண்டு வெள்ளைத் துணிப்பை,
கப்பலேறும் ஷூக்களைப் போட்டு மூடுவது.
கம்பெனிப் பேர் கோணலாய் அச்சானதில்
கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

நாய்க்கனேரி வளைவுக்கு முன்னாலேயே இறங்கினோம்.
வளைவில் ஃபாரஸ்ட்காரர் உட்கார்ந்திருப்பார்.

முதலில் பிரண்டை,
காரைப்புதர் மேல் ஏறி வழி தேடிக்கொண்டிருந்தது.
நுனியில் இரண்டு கணு மட்டும் ஒடித்தோம்.
அரிக்கும் என்று தெரியும், அரித்தது.
அப்புறம் முசுமுசுக்கை, ஒரு கை ஆதண்டங்காய்.
குருவி விட்டுவைத்த கடைசிக் களாப்பழம் ஏழெட்டை
அங்கேயே தின்றுவிட்டோம்.
பால் பிசுபிசுத்தது.
ஏழு வருஷம் சொல்யூஷன் ஒட்டின விரலுக்கு
இது ஒரு பிசுக்கா.

புற்றுக்குப் பின்னால்
வெள்ளை வெள்ளையாய் நின்றுகொண்டிருந்தன.
விரிந்தது ஆறு, மொட்டு எண்ணவில்லை.

'அதானா இது?'
'அதான்னு நெனைக்கிறேன்.'
'நெனைச்சிக்கினு துன்ன முடியுமா?'
'மோந்து பாரேன்.'
பார்த்தேன். சொல்யூஷன் வாசம்தான் வந்தது.
பார்த்தாள். அவளுக்கும் அதே.
எங்கள் மூக்கு இரண்டும்
கம்பெனி லாக்கரிலேயே இருக்கின்றன.

வெள்ளியில் தேய்த்தால் விஷம் கறுக்கும் என்றாள்.
என் கொலுசு சேட்டு கடையில் கீது என்றேன்.
அவளுடையதும்.
ஒன்றில் பூச்சி கடித்த ஓட்டை இருந்தது.
பூச்சி செத்துக் கிடக்கிறதா என்று
குந்தியபடி மண்ணைக் கிளறினோம்,
இரண்டு பெண்கள், வெகு நேரம்.

நான் எடுக்கவில்லை.
அவள் தேக்கிலையில் மடித்துப் பைக்குள் வைத்தாள்.
பஸ்ஸில் திரும்பும்போது
தக்காளி விலையைப் பற்றி மட்டும் பேசினோம்.

ராத்திரி துவையல் அரைத்துக்கொண்டே
வேலூர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும்
நாத்தனாருக்குப் போன் போட்டேன்.
'காளான் அன்னிக்கே ஒண்ணும் பண்ணாது,
மூணாம் நாள்தான் கணக்குக் கேக்கும்' என்றாள்.
'ஏன், இன்னாத்துக்கு கேக்கற?'
'சும்மா.'
கெஜாவுக்கு அடித்தேன்.
மணி அடித்து அடித்து நின்றது.

திங்கள் எட்டரை.
அவள் மெஷின் மேல் உறை மூடியபடி.
நான் தைத்த நாக்கு மூன்று கோணலாகி
மூன்றும் திரும்பி வந்தன.
எட்டு ஐம்பதுக்கு ஓடி வந்தாள், தலை ஈரம்.
'கார்ப்பரேஷன் தண்ணி இன்னிக்கு வந்துச்சி,
பன்னெண்டு நாளைக்கப்புறம்.'
அவ்வளவுதான்.

சாப்பாட்டு மணி.
மூடி திறந்து என் பக்கம் தள்ளினாள்.
மிளகு போட்டுச் சுருள வதக்கியது.
'புள்ளைங்களுக்குக் குடுக்கல.
நான் மட்டும் ராத்திரி எட்டு மணிக்குத் துன்னேன்.
பாரு, கீறேன் இல்ல?'

பதினாறரை மணி நேரம் என்று
மனசு விரல் விட்டது.
மூணாம் நாள் பற்றி அவளுக்குத் தெரியாது.
சொல்ல வாயைத் திறந்தேன்.
திறந்த வாயில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டேன்.
மண் வாசம் இருந்திருக்கும்.
எனக்குத் தெரிந்தது மிளகு, உப்பு,
பல்லுக்கு அகப்படாமல் நழுவும் ஏதோ ஒன்று.
இன்னொன்றும் எடுத்தேன்.

செவ்வாய் வயிறு புரண்டது.
பயமாகவும் இருக்கலாம், ரேஷன் பருப்பாகவும் இருக்கலாம்.

புதன்கிழமை அவள் கணக்கு முடிந்தது,
என்னுடையதற்கு வியாழன் மதியம் வரை இருந்தது.
பாபினில் நூல் மாற்றும்போது
நாத்தனார் சொன்னதை அவளிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
'தெரிஞ்சா துன்ன?'
'ஆமா.'
'பைத்தியமாமே நீ' என்று ஆரம்பித்தவள்
சிரிப்பை அடக்க முடியாமல்
ஊசிக்கு அடியிலிருந்து கையை இழுத்துக்கொண்டாள்.

இன்னா சிரிப்பு அங்க என்று கத்தினார்
லைன் சூப்பர்வைசர்.
சொல்லவில்லை.
அன்றும் வெளியே மழை பிடித்திருந்தது,
தகரத்தின் மேல், நன்றாக.